ஆளில்லாத அறைகள்

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய பட்டணம் அல்ல. ஒரு சர்வகலாசாலையும், கடைவீதியும், 'லாரன்ஸ் ஜர்னல்-வோர்ல்ட்' என்ற தினசரிப் பத்திரிகையும் உள்ள ஊர். அந்தப் பத்திரிகை வெகுகாலம் ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்து, 2016-ல் கைமாறியது. உலக சரித்திரத்தில் இடம் பெறும்படியான காரியம் எதுவும் அந்த ஆபீஸில் நடந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றாது. ஆனால் இன்று நாம் கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கும் எத்தனையோ இணையதளங்களுக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற ஒரு பெரிய புரோகிராம், 2003-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த ஆபீஸில்தான் பிறந்தது.

பெற்றெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏட்ரியன் ஹோலோவாட்டி. மற்றவர் ஸைமன் வில்லிஸன்; இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு வருஷ வேலைப் பயிற்சிக்காகக் கடல் கடந்து வந்திருந்தார். பத்திரிகையின் இணையப் பகுதிக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதுவது இவர்கள் உத்தியோகம். பத்திரிகை ஆபீஸ் அவசரம் எப்படிப்பட்டது என்று பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஆசிரியர் ஒன்று கேட்பார். மாலைக்குள் அது நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து எழுத நேரம் ஏது? ஆகவே எல்லா வேலைக்கும் பொதுவாக இருப்பதைத் தனியே பிரித்து, ஒரு சட்டகமாக ஆக்கி வைத்துக்கொண்டார்கள். அச்சாபீஸில் எழுத்துக்களை அடுக்கி இறுக்குவதற்கு ஓர் இரும்புச் சட்டம் இருக்குமே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து மாறும், சட்டம் மாறாது. கம்ப்யூட்டர்காரர்கள் இதைப் 'பிரேம்வொர்க்' என்கிறார்கள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் இதை எழுதினார்கள்.

2005-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் பத்திரிகை முதலாளிகளின் சம்மதத்தோடு இதை உலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். 'ஜாங்கோ' என்று பெயர் வைத்தார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் வித்வானின் பெயர் அது. 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி, இடது கையில் இரண்டு விரல்கள் பயனற்றுப் போயின. மற்ற விரல்களை வைத்துக்கொண்டே அவர் பிறகு புகழ் பெற்றார். ஹோலோவாட்டி தாமும் அந்தப் பாணியில் கிதார் வாசிக்கிறவர். பெயரின் காரணம் அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஜாங்கோவின் பிறப்பைப் பற்றி அல்ல. அந்த வீட்டிலிருந்து சில அறைகளைப் பிற்பாடு இடித்தார்களே, அதைப் பற்றி.

ஜாங்கோவோடு 'காண்ட்ரிப்' என்று ஒரு பகுதி சேர்ந்தே வந்தது. நடுக்கூடமும் சமையலறையும் போல இன்றியமையாதவை ஒரு பக்கம். அவற்றைச் சுற்றித் தாழ்வாரம் இறக்கிக் கட்டிய சிற்றறைகள் இன்னொரு பக்கம். அந்தச் சிற்றறைகளுக்குத்தான் காண்ட்ரிப் என்று பெயர். வாசகர்கள் கருத்து எழுதுவதற்கு ஓர் அறை. தகவல் களஞ்சியத்தைச் சும்மா புரட்டிப் பார்ப்பதற்கு ஓர் அறை. பல பக்கங்களாக நீளும் விண்ணப்பப் படிவங்களுக்கு ஓர் அறை. ஒவ்வொரு தேசத்தின் தபால் எண், மாகாணப் பெயர், அடையாள எண் இவற்றைச் சரிபார்ப்பதற்கு ஓர் அறை. எந்த அறையைப் பூட்டினாலும் நடுக்கூடத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

இவ்வளவையும் ஏன் ஒரே வீட்டுக்குள் கட்ட வேண்டும் என்று இன்று கேட்பது சுலபம். 2005-ல் வேறு வழி அதிகம் இல்லை. ஒருவர் எழுதிய சின்னஞ்சிறு புரோகிராமை இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்துத் தம் கம்ப்யூட்டரில் பொருத்துவது பெரும்பாடு. பைத்தானுக்கு ஒரு பொதுப் பண்டகசாலை 2003-லேயே ஏற்பட்டிருந்தது. ஆனால் அங்கிருந்து சாமானை எடுத்துவந்து சிரமமில்லாமல் வைத்துக்கொடுக்கும் 'பிப்' என்ற கருவி 2008-ல்தான் வந்தது. சந்தை தூரத்தில் இருக்கும்போது வருஷச் சாமானை வீட்டிலேயே வாங்கி அடுக்குகிறோம் அல்லவா? அதே யோசனைதான். தவிர, ஒரு பெரிய வீட்டின் கூரைக்கு அடியில் இருக்கிற பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு. 'ஜாங்கோவோடு வருகிறது' என்றால், பத்துப் பேர் பார்த்துச் சரி சொன்னது என்று அர்த்தம்.

அந்த மதிப்பில்தான் வில்லங்கமும் இருந்தது. ஓர் அறையைக் கட்டியவர் உத்தியோகம் மாறிப் போவார். கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அல்லது அலுத்துப் போகும். இனாமாகச் செய்கிற வேலைதானே? ஜாங்கோவுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் 2008-ல் ஏற்பட்டது. அந்த ஸ்தாபனம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கத் தொடங்கியது 2014-ல்தான். அதற்கு முன்பெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து செய்கிறவர்களின் உழைப்பில் ஓடிய வண்டி அது. கட்டியவர் போய்விட்டாலும் அறை இருக்கும். கதவில் ஜாங்கோவின் பெயர் இருக்கும். உள்ளே ஆள் இருக்கமாட்டார். வருகிறவர்களுக்கு அது தெரியாது.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு மாமாவைக் கொண்டுவந்து விட்டிருப்போம். கதை வேறு திசையில் போய்விடும். மாமாவுக்கு வேலை இருக்காது. ஆனால் அச்சாகிவிட்ட மாமாவை அழிக்க முடியாது. நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டு, 'மாமா சௌக்கியமா?' என்று விசாரிப்பார். அதனால்தான் பழைய தொடர்கதைகளில் அத்தனை பேர் காசிக்குப் போனார்கள்.

ஜாங்கோவில் முதலில் காசிக்குப் போனது, தகவல்களைப் புரட்டிப் பார்க்கும் அறை. 'டேட்டாபிரவுஸ்' என்று பெயர். 2012 மார்ச்சில் வந்த 1.4-ம் பதிப்பில் அதற்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீஸில் எழுதியிருந்த காரணம் எனக்குப் பிடித்திருந்தது. இதில் வெகுநாளாக யாரும் கை வைக்கவில்லை. இனிமேல் வைப்பார்கள் என்பதற்கும் அறிகுறி இல்லை. ஒரு மாணவரைக் கொண்டு கோடை விடுமுறைத் திட்டமாக இதை வேறோர் அறையோடு இணைக்கலாம் என்று யோசனை இருந்தது; அதுவும் நடக்கவில்லை. வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போய் வளர்க்கலாம்; உரிமை எல்லோருக்கும் உண்டு. இவ்வளவுதான் விஷயம். பழியும் இல்லை, புலம்பலும் இல்லை. 2013-ல் வந்த 1.6-ம் பதிப்பில் அந்த அறை இல்லை. அதற்காக யாரும் பெரிதாக அழுததாகவும் தெரியவில்லை.

தேசங்களின் அறைதான் விஷயமுள்ள கதை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அதற்கு 'லோக்கல்பிளேவர்' என்று பெயர். உள்ளூர் வாசனை என்று சொல்லலாம். நாற்பது தேசங்களுக்குக் குறையாமல் அதில் இடம் பெற்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலமாரி. பிரேசில்காரரின் வரி எண் சரியானதுதானா, ஐஸ்லாந்துக்காரரின் அடையாள எண்ணில் கணக்கு ஒத்துவருகிறதா, அமெரிக்கத் தபால் எண்ணில் எத்தனை இலக்கம், இந்தியாவின் மாகாணங்கள் எவை, பின்கோடு ஆறு இலக்கம்தானா என்பதையெல்லாம் அந்தந்த அலமாரி சரிபார்க்கும். அந்தந்தத் தேசத்துக்காரர் யாரோ ஒருவர் தமக்குத் தேவைப்பட்டபோது எழுதி அனுப்பியவை இவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலமாரிகளுக்குத் தேசத்தின் இரண்டெழுத்துச் சுருக்கத்தைப் பெயராக வைப்பது வழக்கம். இந்தியாவுக்கு உலக வழக்கில் உள்ள இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் 'இன்' என்று படிக்கிறாற்போல் அமைந்துவிட்டது. பைத்தான் பாஷையில் 'இன்' என்பது இலக்கணத்துக்காக ஒதுக்கி வைத்த சொல். அதை யாருக்கும் பெயராக வைக்கக் கூடாது. ஐஸ்லாந்தின் இரண்டெழுத்துக்கும் அதே கதி. அது 'இஸ்' ஆகிவிட்டது. ஆகவே உலகத்துத் தேசங்களுக்கெல்லாம் சுத்தமான பெயர் இருக்க, இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் மாத்திரம் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டை வாலாக ஒட்டவேண்டி வந்தது. நூற்றிருபது கோடி ஜனங்களும், சில லட்சம் ஜனங்களும் ஒரே வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புரோகிராம் துருப்பிடிப்பதில்லை. இரும்பு பழசானால் கண்ணுக்குத் தெரியும். மரம் உளுத்தால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். புரோகிராம் எழுதிய அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் பத்து வருஷம் கழித்தும் இருக்கும். மாறுவது அது அல்ல, உலகம். பாண்டிச்சேரி 2006-ல் புதுச்சேரி ஆயிற்று. உத்தராஞ்சல் 2007-ல் உத்தராகண்ட் ஆயிற்று. ஒரிஸ்ஸா 2011-ல் ஒடிஷா ஆயிற்று. 2014 ஜூன் 2-ந் தேதி தெலங்கானா பிறந்தது. மதறாஸ் ராஜ்யம் 1969-லேயே தமிழ்நாடாகிவிட்டபடியால் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இவற்றைக் கவனித்து அலமாரியில் மாற்றி எழுத ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. புரோகிராம் நிற்காது, முனகாது. தெலங்கானாவில் இருக்கிற ஒருவர் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது, 'அப்படி ஒரு மாகாணம் கிடையாது' என்று மரியாதையாகச் சொல்லிவிடும்.

சரி, கவனமுள்ள ஒருவர் வந்து மாற்றி எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொல்லை தீராது. 2011 மார்ச்சில் வந்த 1.3-ம் பதிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கனடாவில் நியூபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் மாகாணத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம் 'என்எப்' என்று இருந்ததை 'என்எல்' என்று புது வழக்கப்படி மாற்றினார்கள். யூகான் பிரதேசத்துக்குத் தப்பாக இருந்த சுருக்கத்தையும் திருத்தினார்கள். இந்தோனேஷியாவில், சுமத்ராவின் வடகோடியில் உள்ள மாகாணத்துக்கு 'நங்க்ரோ ஆச்சே தாருஸ்ஸலாம்' என்று இருந்த நீண்ட பெயரை எடுத்துவிட்டு, புது அதிகாரபூர்வப் பெயரான 'ஆச்சே' என்பதை மாத்திரம் வைத்தார்கள். எல்லாம் சரியான திருத்தங்களே. ஆனால் கனடாவில் ஒரு வியாபாரி, தம் வாடிக்கைக்காரர்களின் விலாசங்களைப் பழைய சுருக்கத்தோடு வருஷக்கணக்காகச் சேமித்து வைத்திருப்பார். அவர் புதுப் பதிப்புக்கு மாறிய மறுநாள், அவருடைய பழைய வாடிக்கைக்காரர்களின் மாகாணம் கம்ப்யூட்டரின் கணக்கில் இல்லாத மாகாணம் ஆகிவிடும்.

ஜாங்கோக்காரர்கள் உலகத்துக்கு இரண்டு வாக்குறுதிகள் கொடுத்திருந்தார்கள். நாங்கள் தருவது சரியாக இருக்கும் என்பது ஒன்று. புதுப் பதிப்புக்கு மாறுவதால் உங்கள் பழைய வேலை கெடாது என்பது மற்றொன்று. தேசங்களின் அறையில் இந்த இரண்டு வாக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஒரு தேசத்தில் சட்டசபை கூடி ஒரு பெயரை மாற்றினால், கான்ஸாஸில் பிறந்த ஒரு புரோகிராம் யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மீற வேண்டியிருந்தது.

ஆகவே 2013 பிப்ரவரியில் வந்த 1.5-ம் பதிப்பில் தேசங்களின் அறைக்கு நோட்டீஸ் வந்தது. வழக்கமான தவணையைவிடச் சுருக்கமான தவணை. இத்தனை தேசத்து விவகாரங்களை நடுவில் இருக்கிற சில பேர் வெகுகாலம் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தந்தத் தேசத்தில் அக்கறை உள்ளவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். பின்லாந்துக்காரரின் அடையாள எண் சரியா தப்பா என்று தீர்மானிக்க பின்லாந்து தெரிந்தவர் வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு மனசு முழுக்க ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவீட்டில் இருந்தவரை, கனடாவின் அலமாரிக்கும் உருகுவேயின் அலமாரிக்கும் ஒரே அந்தஸ்து. ஒரு தடவை வீட்டைப் பெருக்கினால் எல்லா அலமாரிகளும் சுத்தமாகும். வெளியே அனுப்பினபின், ஆள் பலம் உள்ள தேசம் பிழைக்கும். ஒரே ஒருவர் எழுதி அனுப்பிய தேசத்தின் அலமாரி, அந்த ஒருவரை நம்பி நிற்கும். இந்தப் பயம் எனக்கு மட்டும் தோன்றியது அல்ல போலிருக்கிறது. முதலில் ஒவ்வொரு தேசத்துக்கும் தனித்தனிப் பொட்டலமாகத்தான் பிரித்தார்கள். பார்த்தார்கள், நாற்பது பொட்டலத்தைக் கட்டி மேய்ப்பது ஓர் அறையைப் பெருக்குவதைவிடக் கஷ்டம். சீக்கிரத்திலேயே எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கட்டி, 'ஜாங்கோ-லோக்கல்பிளேவர்' என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். வீட்டை விட்டு வெளியேறிய அண்ணன் தம்பிகள் தெருக்கோடியில் சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொண்டது மாதிரி. இந்தியாவின் வாலும் கூடவே போயிற்று.

தனிக்குடித்தனத்தில் ஒரு சௌகரியம் கிடைத்தது. பெரிய வீட்டின் பதிப்பு, மாதக்கணக்கில் காத்திருந்து வருவது. ஒரு தேசம் பெயரை மாற்றிக்கொண்டால் அடுத்த பதிப்பு வரை பொறுக்க வேண்டும். சின்ன வீட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. வேண்டியபோது வெளியிடலாம்.

இன்னொன்று, வாசகர் கருத்து அறை. ஜாங்கோ பத்திரிகை ஆபீஸில் பிறந்ததல்லவா? செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுத ஓர் இடம் வேண்டும் என்பது அங்கே பிறவியிலேயே உண்டான தேவை. அந்த அறையில் ஒரு சாமர்த்தியமான தந்திரம் வைத்திருந்தார்கள். கருத்து எழுதும் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருக்கும். மனிதர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள்; ஆகையால் காலியாக விடுவார்கள். விளம்பரக் குப்பையைக் கொட்ட வருகிற இயந்திரமோ, கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் விடாது. நிரப்பினால் அகப்பட்டுக்கொள்ளும். 'தேன் குடம்' என்று அதற்குப் பெயர். ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் குடம்.

கொஞ்ச காலம் குடம் வேலை செய்தது. பிறகு ஈக்களுக்குப் புத்தி வந்தது. வாசகர் கருத்தைக் காவல் காப்பதே ஒரு முழுநேரத் தொழிலாக மாறி, அதற்கென்றே கம்பெனிகள் ஏற்பட்டன. 2007-ல் ஆரம்பித்த 'டிஸ்கஸ்' என்பது அவற்றில் பெரியது. கதையின் வேடிக்கை என்னவென்றால், அந்த டிஸ்கஸை ஜாங்கோவைக் கொண்டேதான் கட்டினார்கள். 2013 நவம்பரில் வந்த 1.6-ம் பதிப்பில் கருத்து அறைக்கு நோட்டீஸ் ஒட்டியபோது, ஜாங்கோவின் கையேட்டிலேயே ஒரு வரி எழுதினார்கள்: உங்களுக்கென்று தனியாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், அல்லது டிஸ்கஸ் போன்ற ஒன்றை உபயோகியுங்கள் என்ற அர்த்தத்தில். வீட்டுப் பிள்ளை வெளியே கடை வைத்துப் பெரியவனானதும், வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு அவன் கடையில் சாப்பிடச் சொன்ன மாதிரி.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம். பழைய அறை ஓட்டையும் உடைசலுமாக இருந்தாலும், வாசகர் எழுதிய வார்த்தை பத்திரிகையின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. கம்பெனியிடம் கொடுத்தால் அது கம்பெனியின் களஞ்சியத்தில் இருக்கும். கம்பெனி கைமாறினால் வார்த்தையும் கைமாறும். 2017-ல் டிஸ்கஸை வேறொரு விளம்பர வியாபாரக் கம்பெனி வாங்கிவிட்டது. அறையைப் பூட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆள் இல்லாமல் திறந்து வைத்திருப்பதற்குப் பூட்டுவது மேல். ஆனால் பூட்டினதால் நஷ்டமே இல்லை என்று யாராவது சொன்னால், அதை நான் நம்ப மாட்டேன். 2015 ஏப்ரல் முதல் தேதி வந்த 1.8-ம் பதிப்பில் அந்த அறை இல்லை. நீண்ட படிவங்களின் அறையும் அதே பதிப்பில் தனிக்குடித்தனம் போயிற்று. இரண்டையும் வெளியே சிலர் எடுத்து வைத்துக்கொண்டு பராமரித்தார்கள்.

நோட்டீஸ் கொடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அறையை இடிப்பதென்று தீர்மானித்தால் உடனே கடப்பாரையோடு வருவதில்லை. அந்தக் காலத்து ஏற்பாட்டின்படி முதல் பதிப்பில் மெதுவாக ஒரு எச்சரிக்கை. அடுத்த பதிப்பில் சற்று உரக்க ஓர் எச்சரிக்கை. மூன்றாவது பதிப்பில்தான் இடிப்பு. காகிதத்தில் இது மிகவும் மரியாதையான ஏற்பாடு. நடைமுறையில் ஒரு குறை. 2010-ல் வந்த பைத்தான் 2.7 முதல், இந்த மாதிரி எச்சரிக்கைகள் கேட்டால்தான் காதில் விழும், கேட்காவிட்டால் மௌனம். சாதாரண ஜனங்கள் புரியாத எச்சரிக்கையைக் கண்டு மிரளக் கூடாதென்று அப்படிச் செய்தார்கள். விளைவு, கோர்ட்டு நோட்டீஸை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒட்டிவிட்டுப் போன மாதிரி ஆயிற்று. கொல்லைப்பக்கம் போகிற வழக்கம் உள்ளவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் இடிக்கிற அன்றுதான் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

ஓடி வந்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு சின்ன ஊரில் ஒரு சங்கம் இருக்கும். யாரோ ஒரு பையன் நாலு வருஷத்துக்கு முன் இணையதளம் அமைத்துக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருப்பான். சங்கத்தில் இருப்பவர்களுக்குப் பதிப்பு எண் தெரியாது, காண்ட்ரிப் தெரியாது, இனாமாக வந்த சாமானை இனாமாகவே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம் என்றால், சில காலத்துக்குப் பின் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். திருடன் வருகிற வழியை அடைக்க ஆள் இல்லாத வீட்டில் குடியிருக்கிற நிலைமை. புதுப் பதிப்புக்கு மாறலாம் என்றால், மாற்றத் தெரிந்த பையன் ஊரில் இல்லை. இனாமாக உழைக்கிறவர்கள் இதற்கெல்லாம் ஜவாப்தாரி அல்ல என்று சட்டம் சொல்லும். அனுமதிப் பத்திரத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் தவணை கொடுத்து, மாறும் வழியைக் கையேட்டில் எழுதி வைத்து, பிறகே இடித்தார்களே, அது சட்டத்துக்குப் பயந்து செய்த காரியம் அல்ல.

வெளியே போன அறைகளுக்கு யார் வாரிசு என்ற கேள்வி லேசானதல்ல. ஜாங்கோ உலகத்தில் 2015-ல் 'ஜாஸ்பேண்ட்' என்று ஒரு கூட்டுறவு மாதிரி ஆரம்பித்தார்கள். ஒருவர் தலையில் சுமத்தாமல், அனாதையாகிற புரோகிராம்களைப் பலர் சேர்ந்து பார்த்துக்கொள்வதென்று. இது நல்ல பக்கம். கெட்ட பக்கத்துக்கு வேறோர் உலகத்திலிருந்து உதாரணம் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் பாஷைக்காரர்களிடம் 'ஈவெண்ட்-ஸ்ட்ரீம்' என்று ஒரு மாட்யூல் இருந்தது. லட்சக்கணக்கான இடங்களில் உபயோகத்தில் இருந்த சாமான். எழுதியவருக்கு அதில் அக்கறை போய் வெகுநாள் ஆகியிருந்தது. 2018-ல் முகம் தெரியாத ஒருவர் வந்து, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். நல்லதாயிற்று என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வந்தவர் சில நல்ல திருத்தங்கள் செய்தார். பிறகு பிட்காயின் பணப்பையிலிருந்து திருடுகிற ஒரு துண்டை உள்ளே ஒளித்து வைத்தார். அது வெளியே தெரிவதற்குள் வாரக்கணக்கு ஓடிவிட்டது. விஷயம் வெளிப்பட்டதும் எல்லோரும் மூல ஆசிரியர்மேல் பாய்ந்தார்கள். அவர் அதிலிருந்து ஒரு காசு சம்பாதித்தவர் அல்ல. சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்தால், கவனிக்கவில்லை என்று திட்டியிருப்பார்கள். மாட்யூலை அழித்திருந்தால், அதைவிட மோசமாகத் திட்டியிருப்பார்கள். 2016 மார்ச்சில் 'லெப்ட்-பேட்' என்ற பதினோரு வரி மாட்யூலை அதன் ஆசிரியர் கோபத்தில் எடுத்துக்கொண்டுபோன அன்று, பெரிய பெரிய கம்பெனிகளின் வேலை ஸ்தம்பித்துப் போயிற்று. பதினோரு வரி! ஒரு கார்டில் எழுதி அனுப்பிவிடலாம்.

இவற்றோடு பார்க்கும்போது, ஜாங்கோக்காரர்கள் செய்தது எவ்வளவு நிதானமான காரியம் என்று தெரிகிறது. அறையை யாருக்கும் ரகசியமாகக் கைமாற்றவில்லை. கோபத்தில் கொளுத்தவும் இல்லை. எங்களால் பார்க்க முடியவில்லை என்று வாசலில் எழுதிப் போட்டார்கள்.

கடைசியில் ஜாங்கோவின் தாய்வீட்டுக்கே இந்த முறை வந்தது. பைத்தான் பாஷைக்கு ஒரு பெருமை உண்டு. பொம்மை வாங்கினால் பாட்டரியும் உள்ளேயே இருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். வேண்டிய கருவியெல்லாம் பாஷையோடு சேர்ந்தே வரும் என்று அர்த்தம். 2019-ல் கிறிஸ்டியன் ஹைம்ஸ் என்பவர், உள்ளே செத்துக் கிடக்கிற பாட்டரிகளைக் களைய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதினார். பிறகு பிரெட் கேனனும் அதில் சேர்ந்துகொண்டார். 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13-ல் அந்தத் திட்டப்படி 19 மாட்யூல்கள் இல்லை. அவற்றில் ஒன்று 'ஸிஜிஐ'.

அது கிழவர்களில் கிழவர். 1993-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் ஏற்பட்ட முறை அது. இணையப் பக்கம் என்பது அதற்கு முன்னால் எழுதி ஒட்டிய சுவரொட்டி மாதிரி. கேட்கிறவருக்குத் தகுந்தபடி பதில் சொல்ல அதற்குத் தெரியாது. ஸிஜிஐதான் அதற்கு வாய் கொடுத்தது. ஆனால் அதன் நிர்வாகம் ஊதாரி நிர்வாகம். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் புதிதாக ஒரு ஆளை நியமித்து, ஒரு பதிலைச் சொல்லவைத்து, உடனே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடும். அடுத்த கேள்விக்கு அடுத்த ஆள். கூட்டம் பெருகியபோது இது கட்டுப்படியாகவில்லை. ஜாங்கோ போன்ற சட்டகங்கள் தலையெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸிஜிஐயை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜாங்கோக்காரர்கள் தங்கள் வீட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கிழவரிடமிருந்து ஒரு சிறு உதவியை அவர்கள் நெடுநாளாக வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இணையத்தில் ஒரு கடிதம் வரும்போது அதன் மேலுறையில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்த சில குறிப்புகள் இருக்கும். அவற்றைப் பிரித்துப் படித்துக் கொடுக்கிற வேலை. சில வரி சமாசாரம்தான். பல அறைகளைக் காலி செய்து அனுப்பிய அதே வீடு, அந்தச் சில வரிகளைத் தன் கையால் பிரதி செய்து, தன் கூரைக்கு உள்ளேயே ஓர் இடத்தில் வைத்துக்கொண்டது. ஸிஜிஐயின் மற்ற பாகங்களை இன்னொருவர் 'லெகஸி-ஸிஜிஐ' என்று பெயரிட்டுப் பொதுப் பண்டகசாலையில் கொண்டுபோய் வைத்தார், இன்னும் தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.